குழாய்க்குச் சொந்தக்காரர் யார்?



வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, செய்யுள் விளக்கம் என்று எழுதிக்கொண்டிருப்பவன் இன்று குடிநீரையும் குப்பையையும் பற்றி எழுதப் புறப்பட்டிருக்கிறேன். ‘தமிழாசிரியருக்கு இந்த வேலை எதற்கு?’ என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற ஒருவனுக்கு அது சிறிய இழுக்கன்று.

நடந்தது இதுதான். எங்கள் பள்ளியில் தொடர்ந்து மூன்று நாள்களாகக் குழாயில் நீர் வரவில்லை. முதல் நாள் கூரைமேல் இருக்கும் தொட்டி கைகொடுத்தது. இரண்டாம் நாள் நண்பகலுக்குள் அதுவும் வற்றிவிட்டது. சிற்றுண்டிச்சாலை நடத்தும் அம்மையார் தம் வீட்டிலிருந்து இரண்டு தோம்புகளில் நீர் கொண்டுவந்து சமைத்தார். மூன்றாம் நாள் கழிவறைகளைப் பூட்டிவிட்டோம். அன்று முதலாம் ஆண்டுச் சிறுவன் ஒருவன் அடக்க முடியாமல் காற்சட்டையை நனைத்துவிட்டு மேசைக்கடியில் ஒளிந்துகொண்டான். அவனைக் கழுவிவிடவும் நீர் இல்லை. வகுப்பாசிரியை தம் குடிநீர்ப் புட்டியில் எஞ்சியிருந்ததை ஊற்றித்தான் அவனைத் துடைத்துவிட்டார். அந்தச் சிறுவன் மறுநாள் பள்ளிக்கு வரவில்லை.

அன்றுதான் அம்மாணவி கேட்டாள்: “ஐயா, தண்ணீர் வரவில்லை என்றால் யாரைக் கேட்க வேண்டும்?”

“நகராண்மைக் கழகத்தை” என்றேன் சட்டென்று. அடுத்த நொடியே, “இல்லையில்லை, நீர் விநியோக நிறுவனத்தை” என்று திருத்தினேன்.

“அப்படியென்றால் பள்ளிக்கு முன்னால் நாறுகிறதே கால்வாய், அதற்கு?”

நான் யோசித்தேன்.

“குப்பை லோரி வராவிட்டால்? கழிவறைத் தொட்டி நிரம்பிவிட்டால்?”

நல்ல வேளையாக மணி அடித்தது. தப்பித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்தும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பல மாலைகள் செலவழித்துப் படித்தேன், தெரிந்தவர்களிடம் விசாரித்தேன். அறிந்துகொண்டதையும், அதனால் எனக்குள் எழுந்த கருத்தையும் இங்கே வைக்கிறேன்.

ஒரு தெரு, ஐந்து வாசல்கள்

நம் நாட்டில் ஆறும் மலையும் நிலமும் மாநில அரசின் கையில் இருக்கின்றன. அந்த ஆற்றிலிருந்து எடுத்த நீரைச் சுத்திகரித்து வீடுகளுக்கு வழங்கும் பணியோ, 2005ஆம் ஆண்டில் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தத்திற்குப் பின், தீபகற்ப மாநிலங்களில் கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவானதாக மாறியது. 2006இல் இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின்வழி ‘ஸ்பான்’ எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையம் பிறந்தது. நீரை நமக்கு விற்பது மாநிலத்து நீர் நிறுவனம்; உரிமமும் கட்டண விதியும் பார்ப்பது ஆணையம்.

கழிவுநீர் வேறு கதை. ஒரு காலத்தில் அதுவும் நகராண்மைக் கழகங்களின் பொறுப்பாகத்தான் இருந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அது அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டு, 1994 முதல் நாடு தழுவிய ஒரு நிறுவனத்திடம் படிப்படியாக ஒப்படைக்கப்பட்டது.

குப்பைக்கு இன்னொரு கதை. 2007ஆம் ஆண்டு திடக்கழிவு, பொதுத்துப்புரவு நிர்வாகச் சட்டம் 2011 செப்டம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்கள் அதில் இணைந்தன. அங்கெல்லாம் குத்தகை நிறுவனங்கள் குப்பை அள்ளுகின்றன. கூட்டரசு அமைப்பு ஒன்று மேற்பார்வையிடுகிறது. பேராக், சிலாங்கூர், பினாங்கு, கிளந்தான், திரங்கானு ஆகியவை இணையவில்லை. அங்கே இன்றும் ஊராட்சி மன்றங்களே அப்பணியை நடத்துகின்றன. எங்கள் சிறு நகரம் முதல் வகையைச் சேர்ந்தது.

இனி அந்த நாறும் கால்வாய்க்கு வருவோம். அதில் மிதக்கும் குப்பையை அள்ளுபவர் ஒருவர். உடைந்த கால்வாயைச் செப்பனிட வேண்டியவர் இன்னொருவர். அது போய் விழும் ஆறு வேறொருவர் பொறுப்பு. எங்கள் பள்ளியின் வாசலில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது ஒரே தெருதான். ஆனால் அந்தத் தெருவைக் கவனிக்க ஐந்து வாசல்கள் இருக்கின்றன. ஒரு வாசலைத் தட்டினால் அடுத்த வாசலைக் காட்டுகிறார்கள்.

பழைய முறைதான் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. சிறிய நகராண்மைக் கழகங்களிடம் பணமும் இல்லை. கழிவுநீர் நிலையம் நடத்தும் தொழில்நுட்பமும் இல்லை. பணியைப் பிரித்துக் கொடுத்ததில் நியாயம் உண்டு. ஆனால் பணியைப் பிரித்தவர்கள் பொறுப்பையும் சேர்த்தே துண்டு துண்டாக்கிவிட்டார்கள். என் குறை அதுதான்.

வாக்குச்சீட்டு இல்லாத மன்றம்

இந்த ஐந்து வாசல்களில் ஒன்றின்மீதாவது ஊர் மக்களுக்கு நேரடியான பிடி இருக்கிறதா? இல்லை.

முன்பு இருந்தது. 1957இல் மாநகர் தகுதி பெற்ற ஜார்ஜ்டவுனின் முதல் மேயர் டி. எஸ். இராமநாதன் என்னும் தமிழர். அன்று மன்ற உறுப்பினர்களை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். கால்வாய் நாறினால் அடுத்த தேர்தலில் அது தெரியும். இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். அந்த ஆணையம், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே தொடர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அன்று முதல் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு ஆதி நாகப்பனின் பெயர் தெரியாது. நம்மில் எத்தனை ஆசிரியர்களுக்குத் தெரியும்? குப்பையையும் கால்வாயையும் ஆளும் உரிமை மக்களுக்கே இருக்க வேண்டும் என்று, அரை நூற்றாண்டுக்கும் முன்பே எழுத்தில் சொன்ன ஆணையத்தின் தலைவர் நம்மவர். இது பாடநூலில் இல்லையென்றாலும் வகுப்பறையில் சொல்லலாம் அல்லவா?

மண்ணுக்குள் போகும் நீர்

நீர் வராதபோது நாம் வானத்தைப் பழிக்கிறோம். வறட்சி உண்மையிலேயே வருவதுண்டு. 1991இல் மலாக்காவின் டுரியான் துங்கால் அணைக்கட்டு வற்றிப்போய், அம்மாநில மக்கள் மாதக்கணக்கில் பங்கீட்டு நீரில் வாழ்ந்தார்கள். 1998இலும் 2014இலும் கிள்ளான் பள்ளத்தாக்கு அதே துன்பத்தைக் கண்டது.

ஆனால் மழை கொட்டும் மாதத்திலும் குழாய் வறண்டு கிடக்கிறதே, அது ஏன்?

சுத்திகரித்து அனுப்பப்படும் நீரில் வருவாய் தராமல் போகும் பங்கை ‘வருவாயற்ற நீர்’ என்கிறார்கள். நாட்டின் சராசரி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பெர்லிஸ், கிளந்தான் போன்ற மாநிலங்களில் பாதிக்கும் மேல். இதில் நீர்த்திருட்டும் பழுதடைந்த மானிகளும் அடங்கும். ஆனால் பெரும்பகுதி கசிவுதான். பல பத்தாண்டுகளுக்கு முன் புதைத்த கல்நார் சிமெண்டுக் குழாய்கள் இன்னும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் மண்ணுக்கடியில் கிடக்கின்றன. மேலே கனரக லோரிகள் ஓடும்போதும், நீரழுத்தம் திடீரென ஏறும்போதும் அவை வெடிக்கின்றன.

ஒரு குடும்பத் தலைவி மூன்று குடம் நீர் இறைத்து, வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு குடத்தைத் தரையில் கொட்டிவிட்டு, ‘நீர் போதவில்லை, இன்னொரு கிணறு வெட்டுங்கள்’ என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? முதலில் ஓட்டைக் குடத்தை அடைக்கச் சொல்வோம். ஆனால் நாட்டில் நடப்பதோ தலைகீழ். புதிய அணைக்கும் புதிய சுத்திகரிப்பு நிலையத்துக்கும் அடிக்கல் நாட்டு விழா உண்டு, நாடா வெட்டலாம், படம் எடுக்கலாம். மண்ணைத் தோண்டிப் பழைய குழாயை மாற்றுவதற்கு என்ன விழா? சாலை நெரிசலும் மக்களின் வசையும்தான் மிச்சம்.

கசிவைக் கண்டுபிடிப்பது பெரிய மந்திரமன்று. நகரைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வாயிலிலும் ஒரு மானியைப் பொருத்துகிறார்கள். ஊர் உறங்கும் பின்னிரவு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை எவ்வளவு நீர் உள்ளே போகிறது என்று பார்க்கிறார்கள். யாரும் குளிக்காத, துவைக்காத நேரத்தில் மானி வேகமாகச் சுற்றினால் அந்த வட்டாரத்தில் கசிவு உண்டு என்று பொருள். வழி தெரியும். பணமும் பொறுமையும்தான் வேண்டும்.

மலிவின் விலை

பணம் என்றவுடன் கட்டணப் பேச்சு வந்துவிடும். 2024 பிப்ரவரி முதல் நாள் தொடங்கி, தீபகற்பத்திலும் லாபுவானிலும் வீட்டுப் பயன்பாட்டுக் கட்டணம் கன மீட்டருக்குச் சராசரியாக 22 காசு உயர்ந்தது. எங்கள் ஆசிரியர் அறையில் அன்று பெரும் கொந்தளிப்பு. நானும் சேர்ந்துதான் புலம்பினேன்.

இன்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு கன மீட்டர் என்பது ஆயிரம் லிட்டர். முதற்படிக் கட்டணம் பல மாநிலங்களில் ஒரு ரிங்கிட்டை ஒட்டியோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கிறது. அந்தப் பணத்திற்குக் கடையில் கிடைப்பது ஒரு சிறு புட்டி நீர்! நீர் வராத அந்த மூன்று நாளில் ஒவ்வொரு பெற்றோரும் புட்டி நீருக்குச் செலவழித்தது, கட்டண உயர்வால் அவர்கள் மாதம் முழுவதும் இழக்கும் தொகையை விடப் பெரிது.

ஏழைகள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்குச் சலுகை கட்டாயம் வேண்டும். ஆனால் மலிவு விலையால் உண்மையில் பயன்பெறுபவர் யார் என்று பாருங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்கு அருகில், தாழ்வான இடத்தில் இருப்பவர் வீட்டில் நீர் எப்போதும் வரும். அவர் மகிழுந்தை நாள்தோறும் கழுவுவார். குழாயின் கடைக்கோடியில் இருப்பவருக்கும், அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருப்பவருக்கும் அழுத்தம் குறைந்தால் முதலில் நிற்பது அவர்கள் குழாய்தான். எங்கள் ஊரில் தோட்டங்கள் மூடப்பட்டபின் வெளியேறிய நம்மவர் குடும்பங்கள் பெரும்பாலும் அந்தக் கடைக்கோடியில்தான் குடியிருக்கின்றன. குறைந்த கட்டணம் அவர்களுக்கு ரசீதில் மட்டும் வருகிறது, குழாயில் வருவதில்லை.

ஆகவே என் கருத்து இதுதான்: கட்டணம் உயரட்டும், ஆனால் உயர்ந்த ஒவ்வொரு காசும் எத்தனை கிலோமீட்டர் குழாயாக மாறியது என்று ஆண்டுதோறும் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கணக்கில்லாத உயர்வை ஏற்க வேண்டியதில்லை.

ஆறு தாங்குமா?

குழாயைச் சொன்னால் போதாது. ஆற்றையும் சொல்ல வேண்டும். 2019 மார்ச் மாதம் பாசீர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடப்பட்டன. 2020 செப்டம்பரில் சிலாங்கூரின் கோங் ஆற்றில் கலந்த மாசினால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் நீர் நின்றது.

இவை பெரிய குற்றங்கள். ஆனால் சின்னஞ்சிறு குற்றங்களை நாள்தோறும் செய்பவர்கள் நாம். பொரித்த எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றுகிறோம். அது குளிர்ந்து குழாயில் கட்டியாகிறது. கழிவுநீர் எதிர்த்து வந்து தெருவில் வழிகிறது. கழிவுநீரும் குப்பைமேட்டு வடிநீரும் ஆற்றில் கலந்தால் அம்மோனியா கூடும். அம்மோனியா, நீரைத் தூய்மையாக்க இடும் குளோரினை விழுங்கிவிடும். அளவு மீறினால் நிலையத்தை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. அதாவது நம் சமையலறையின் அலட்சியம் சுற்றிச் சுற்றி நம் குழாய்க்கே வந்து சேர்கிறது.

லோரியின் பின்னால் நின்ற மாணவன்

இனி எழுதப்போவது எளிதாக எழுதக்கூடியதன்று.

‘ஒழுங்காகப் படி, இல்லையென்றால் குப்பை அள்ளத்தான் போவாய்.’ இந்த வாக்கியத்தைச் சொல்லாத ஆசிரியர் உண்டா? நான் சொல்லியிருக்கிறேன், நூறு முறையாவது சொல்லியிருப்பேன்.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலை, வீட்டுக் குப்பைத் தோம்பை வெளியே இழுத்து வைத்தேன். லோரி வந்து நின்றது. பின்புறப் படியிலிருந்து குதித்த இளைஞன் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் அவனை அடையாளம் கண்டுகொண்டேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவன். பெயர் சொல்லி அழைத்தேன். “வணக்கம், ஐயா” என்று மெல்லச் சொன்னான். கையுறைக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். பிறகு, சிரித்தபடியே, “நீங்கள் சொன்னதுபோலவே ஆகிவிட்டேன், ஐயா” என்றான்.

அவன் குத்திக்காட்டவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது.

மலாயாவின் நகரங்களில் சாலை கூட்டியவர்களிலும், மலக்கூடை சுமந்தவர்களிலும், குழாய் புதைக்கப் பள்ளம் தோண்டியவர்களிலும் நம் முன்னோர் ஏராளம். இந்த நகரங்கள் நோயின்றி எழுந்து நின்றதில் அவர்களின் பங்கு பெரிது. அந்த உழைப்பை நாமே நம் பிள்ளைகளுக்கு இழிவின் எடுத்துக்காட்டாகக் காட்டிவந்திருக்கிறோம். பிள்ளைகள் உயர வேண்டும் என்று விரும்புவது தவறன்று. ஆனால் ஊரைக் காக்கும் தொழிலை அச்சுறுத்தலுக்குரிய சொல்லாக்கிவிட்டு, பிறகு அதே பிள்ளைகளிடம் ‘குப்பையைக் கண்ட இடத்தில் போடாதே’ என்றால் எப்படிக் கேட்பார்கள்? அள்ளுபவனை மதிக்காதவன் போடும்போது எதற்குத் தயங்கப்போகிறான்?

அந்த வாக்கியத்தை நான் விட்டுவிட்டேன். இளைஞன் வாரம் இரண்டு முறை வருகிறான். இப்போது முகத்தைத் திருப்புவதில்லை.

எங்கள் வகுப்பு செய்தது

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு அலுவல் கடிதப் பாடம் வந்தபோது, கற்பனை முகவரிக்கு எழுதாமல் ஐந்து அலுவலகங்களுக்கும் உண்மையாகவே எழுதினோம். தமிழில் எழுதியதை மலாய்மொழி ஆசிரியை மொழிபெயர்க்க உதவினார். கேட்டவை மூன்றே: நீர்த்தடையை முன்கூட்டியே பள்ளிக்கு அறிவியுங்கள், தடை நீடித்தால் நீர் லோரியைப் பள்ளிகளுக்கும் மருந்தகங்களுக்கும் முதலில் அனுப்புங்கள், எந்தப் புகாரானாலும் ஒரே எண்ணில் பெற்று, உரியவரிடம் நீங்களே சேருங்கள். ஆறு வாரங்கள் கழித்து ஒரே ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அதை வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அதன் பக்கத்தில் நான்கு இடங்கள் காலியாக இருக்கின்றன.

இன்னொன்றும் செய்தோம். வார இறுதிக்கு முன் பள்ளி மானியைப் படித்து எழுதிவைத்தோம். விடுமுறை முடிந்து வந்ததும் மீண்டும் படித்தோம். ஆளில்லாத பள்ளியில் 6 கன மீட்டர் நீர் செலவாகியிருந்தது! தேடிப்பார்த்ததில், கூரைத் தொட்டியின் மிதவை பழுதாகி நீர் நாள் முழுதும் வழிந்து கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. நம் நாட்டில் ஒருவர் ஒரு நாளைக்குச் செலவிடும் நீர் 200 லிட்டருக்கும் மேல். சிங்கப்பூரில் 150 லிட்டருக்கும் குறைவு. மாணவர்கள் கரும்பலகையில் வகுத்தார்கள். ஆறாயிரத்தை இருநூறால் வகுத்தால் முப்பது. முப்பது பேரின் ஒரு நாள் நீர். எங்கள் வகுப்பில் இருப்பவர்கள் இருபத்தெட்டுப் பேர்.

ஊரார்மேல் குற்றம் சாட்டிக் கடிதம் எழுதிய கைகள் சற்று நேரம் அமைதியாக இருந்தன. புதிய மிதவையின் விலை முப்பது ரிங்கிட்டுக்கும் குறைவு. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் மறுநாளே வாங்கி மாற்றிவிட்டார்.

வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பைத்தான் வைத்தார். அதை மனனம் செய்விக்கிறோம். தேர்வில் எழுத வைக்கிறோம். இனி மானியையும் படிக்கச் சொல்லிக்கொடுப்போம். நீர் யாருடையது, குப்பை யாருடையது, கேட்க வேண்டியது யாரிடம் என்று அறிந்த பிள்ளைகள் வளர்ந்தால், வாக்குச்சீட்டு இல்லாத மன்றமும் ஒருநாள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த முதலாம் ஆண்டுச் சிறுவன் இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கு வந்துவிட்டான். வந்ததும் முதலில் கழிவறைக் குழாயைத் திருகிப் பார்த்தானாம். நீர் வந்தது. அவனுக்கு அது அதிசயமாக இருக்கக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.